ட்விலைட் தொடர்: படிக்க உட்காருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அக்கா மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை லீவில் ட்விலைட்டைக் கையில் எடுத்தாள். அவளைப் பார்த்து அவள் தோழிகள் மூன்று பேர், அதில் ஒருத்தியின் அம்மா என்று ஆள் சேர்ந்துவிட்டது. கேள்விகள் எல்லாம் என்னிடம் வந்தன, ஏனென்றால் 2009-ல் ஹாஸ்டலில் ஒரே பிரதியை ஆறு பேர் முறை வைத்துப் படித்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கதைப்போக்கு அங்கங்கே கொஞ்சம் வெளியே வரும். முடிவைச் சொல்லும் கேள்விக்கு மட்டும் தனியாக எச்சரிக்கை போட்டிருக்கிறேன்.

இது என்ன கதை? மொத்தம் எத்தனை புத்தகம்?

பெல்லா என்ற 17 வயசுப் பெண், வெயில் ஊரான ஃபீனிக்ஸிலிருந்து மழை ஊரான ஃபோர்க்ஸுக்கு, அப்பாவோடு தங்கிப் படிக்க வருகிறாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்து இருக்கைக்காரன் எட்வர்ட் கல்லன். பார்க்க 17 வயசு. ஆனால் 1918-ல், ஸ்பானிஷ் ஃப்ளூவில் சாகக் கிடந்தபோது ரத்தக் காட்டேரியாக மாற்றப்பட்டவன். இவளுக்கு அவன் மேல் காதல், அவனுக்கு இவள் மேல் காதலோடு சேர்த்து ரத்த தாகம். அப்புறம் ஜேக்கப் என்ற நண்பன் வருகிறான், அவன் ஓநாயாக மாறக்கூடியவன்.

எழுதியவர் ஸ்டெஃபனி மேயர். ட்விலைட் (2005), நியூ மூன் (2006), எக்லிப்ஸ் (2007), பிரேக்கிங் டான் (2008) ஆகிய நான்கும்தான் உடம்பு. உலகம் முழுக்கப் பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றவை. மற்றவை வால்கள்: பிரீ டானர் என்ற துணைப் பாத்திரத்தைப் பற்றிய சின்ன நாவல் (2010), ஆண் பெண் பாத்திரங்களை இடம் மாற்றி எழுதிய லைஃப் அண்ட் டெத் (2015), முதல் கதையையே எட்வர்டின் வாயால் சொல்லும் மிட்நைட் சன் (2020).

எந்த வரிசையில் படிக்க வேண்டும்? மிட்நைட் சன்னில் தொடங்கலாமா?

வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள். மிட்நைட் சன்னில் தொடங்க வேண்டாம்.

காரணம் இருக்கிறது. இந்தத் தொடரில் பெரும்பகுதியைச் சொல்வது பெல்லா. அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. முதல் நாள் வகுப்பில் எட்வர்ட் மேசையைப் பிடித்துக்கொண்டு, மூக்கைத் திருப்பிக்கொண்டு, இவளை ஏதோ கெட்டுப்போன சாமான் மாதிரி பார்க்கிறானே, அது ஏன் என்று அவள் குழம்புகிறாள். அந்தக் குழப்பம்தான் முதல் பாதியின் விசை. மிட்நைட் சன்னில் அதே காட்சியில் அவன் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறோம். வகுப்பிலிருக்கும் அத்தனை பேரையும் எந்த வரிசையில் கொன்றால் சத்தம் வராது என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். அதை முதலில் படித்துவிட்டால் ட்விலைட்டில் மிச்சம் வைக்க ஒன்றும் இருக்காது. இரண்டாவதாகப் படித்தால் தனி ருசி.

பிரீ டானர் கதையை எக்லிப்ஸுக்குப் பிறகு படிக்கலாம், விட்டாலும் நஷ்டமில்லை. லைஃப் அண்ட் டெத் தீவிர ரசிகர்களுக்கு மட்டும். ஆனால் அதன் முடிவு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலீஷ் கஷ்டமா இருக்குமா?

இருக்காது. தமிழ் மீடியத்தில் படித்த ஒருத்தி எங்கள் ஹாஸ்டலில் முதன்முதலாக முழுசாய் முடித்த இங்கிலீஷ் நாவல் இதுதான். சின்னச் சின்ன வாக்கியங்கள், நிறைய பேச்சு. சில சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வரும். 'சாக்ரின்' என்று ஒன்று, கூச்சமும் எரிச்சலும் கலந்த மனநிலை. அதை இந்த அம்மாள் விடவே மாட்டார். நான்கு புத்தகத்தில் அந்த ஒரு சொல்லுக்காவது ஆயுசுக்கும் அர்த்தம் மறக்காது.

தடிமனைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அமெரிக்க முதல் பதிப்பில் ட்விலைட் 498 பக்கம், பிரேக்கிங் டான் 756 பக்கம். எழுத்து பெரிசு, ஓட்டமும் வேகம்.

முதல் 100 பக்கத்தில் ஒன்றுமே நடக்கவில்லையே?

உண்மைதான். மழை பெய்கிறது, பள்ளிக்கூடம் போகிறாள், கேன்டீனில் எட்வர்டும் அவன் குடும்பத்தாருமாக அழகான ஐந்து பேர் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சமைக்கிறாள். எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். ஃபோர்க்ஸ் வீட்டுச் சமையலறையை மேயர் காட்டும் இடத்தைப் பாருங்கள். அலமாரிக் கதவுகள் பளிச்சென்ற மஞ்சள். பெல்லாவின் அம்மா, இந்த இருட்டு வீட்டுக்குள் கொஞ்சம் வெயில் வரட்டும் என்று 18 வருஷத்துக்கு முன்னால் அடித்த பெயிண்ட். அம்மா விட்டுப் போய்விட்டாள், விவாகரத்தும் ஆகிவிட்டது, அப்பா பெயிண்டை மாற்றவில்லை. காட்டேரி வருவதற்கு முன்பே கதையில் ஒரு தீராத காதல் இருக்கிறது, அது சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு வழி: 13-வது அத்தியாயம் வரை போங்கள். புல்வெளியில் எட்வர்ட் வெயிலில் வந்து நிற்கும் அத்தியாயம். மொத்தத் தொடரும் முளைத்தது அங்கேதான். 2003 ஜூன் 2-ஆம் தேதி ஒரு கனவு வந்ததாக மேயர் சொல்கிறார்: காட்டுக்கு நடுவே புல்வெளி, ஒரு சாதாரணப் பெண், மினுமினுக்கும் ஒரு காட்டேரி, இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது அவர் மூன்று சின்னப் பையன்களின் அம்மா. அன்றைக்குப் பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போக வேண்டிய நாள். அதற்கு நடுவே கனவை எழுதி வைத்தார், அதுவே பிறகு 13-வது அத்தியாயம் ஆனது. சுமார் மூன்று மாதத்தில் நாவல் முடிந்தது. அந்த அத்தியாயமும் உங்களை இழுக்கவில்லை என்றால் புத்தகத்தை மூடி வைப்பதில் ஒரு குற்றமும் இல்லை.

ஃபோர்க்ஸ் நிஜ ஊரா?

நிஜம். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பத்தில் இருக்கிறது. மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும், மரம் வெட்டிப் பிழைத்த ஊர். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஒலிம்பிக் மலைகளில் முட்டிக்கொண்டு அங்கேயே கொட்டிவிடும். வருஷத்துக்கு 100 அங்குலத்துக்கு மேல் மழை. சென்னையில் பெய்வதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஆனால் நம் ஐப்பசி கார்த்திகை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது, மாதக்கணக்கில் நசநசவென்று பெய்துகொண்டே இருக்கும்.

மேயருக்குத் தேவைப்பட்டது வெயிலே படாத ஒரு ஊர். இணையத்தில் தேடினார், வரைபடத்தில் ஃபோர்க்ஸ் கிடைத்தது. நாவலை எழுதும்போது அந்த ஊரை அவர் பார்த்ததே இல்லை. புத்தகம் ஓடியதும் வாசகர்கள் ஊரைத் தேடி வரத் தொடங்கினார்கள். பெல்லாவின் பிறந்தநாளான செப்டம்பர் 13-ஐ ஒட்டி அங்கே ஒவ்வொரு வருஷமும் விழா எடுக்கிறார்கள். பெல்லா ஓட்டும் மாதிரி பழைய சிவப்பு டிரக்கையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இதில் வேடிக்கை, நாவல்களைப் படமாக்கியபோது முதல் படத்தைப் பெரும்பாலும் எடுத்தது பக்கத்து மாநிலமான ஓரிகனில். நியூ மூனில் வரும் இத்தாலிய ஊரான வோல்டெராவுக்கும் அதே கதிதான். படத்தில் நாம் பார்ப்பது மான்டெபுல்சியானோ என்ற வேறு ஊரை.

காட்டேரிக்குக் கோரைப் பல் இல்லையா? வெயிலில் ஏன் ஜொலிக்கிறார்கள்?

மேயரின் காட்டேரிகள் வெயிலில் எரிந்து போவதில்லை. அவர்கள் தோல் வைரப்பொடி தூவியது மாதிரி மின்னும், அதனால் மனிதர்கள் முன்னால் வெயிலில் நடமாட முடியாது, அதனால் மேகமூட்டம் உள்ள ஊர். கோரைப் பல் கிடையாது, தூக்கம் கிடையாது, சவப்பெட்டி கிடையாது. கல்லன் குடும்பம் மிருக ரத்தம் மட்டும் குடிப்பதால் தங்களைத் தாங்களே சைவம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். (நம் ஊரில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.) மிருக ரத்தம் குடிப்பவர் கண் பொன் நிறம், மனித ரத்தம் குடிப்பவர் கண் சிவப்பு. பசித்தால் இருவருக்குமே கறுத்துவிடும். இந்த நிறக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொண்டால் ஒரு ஆள் உள்ளே வரும்போதே ஆபத்தானவனா என்று பெல்லாவுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடலாம்.

மின்னும் காட்டேரியைக் கேலி செய்தவர்கள் ஏராளம். எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றியதில்லை. இல்லாத ஒன்றுக்கு எந்த விதி சரி?

நியூ மூனில் சில பக்கங்கள் காலியாக இருக்கின்றன. அச்சுப் பிழையா?

இந்தக் கேள்வியை நானே ஒரு காலத்தில் கேட்டேன். எங்கள் ஹாஸ்டல் பிரதி, சிக்னலில் விற்கும் திருட்டுப் பதிப்பு. அட்டையில் பூ மங்கலாக இருக்கும், நடுவில் 16 பக்கம் தலைகீழாகத் தைத்திருந்தார்கள். அதனால் எட்வர்ட் பெல்லாவை விட்டுப் போனபிறகு, பக்கத்தைத் திருப்பினால் 'அக்டோபர்' என்று ஒரே ஒரு சொல், அடுத்து 'நவம்பர்', அடுத்து 'டிசம்பர்', அப்புறம் 'ஜனவரி', வேறு ஒன்றுமே இல்லாததைப் பார்த்து, இதையும் அச்சடிக்காமல் விட்டுவிட்டான் பாவி என்று திட்டினோம். நூலகத்திலிருந்து நல்ல பிரதி ஒன்றைக் கொண்டு வந்து ஒப்பிட்ட பிறகுதான் தெரிந்தது, புத்தகமே அப்படித்தான் என்று.

கதை சொல்பவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நான்கு மாதம் அவள் எழுந்தாள், பள்ளிக்கூடம் போனாள், சாப்பிட்டாள், ஆனால் எதுவும் அவளுக்குள் பதியவில்லை. ஆசிரியர் அந்தத் துக்கத்தை வர்ணிக்கப் போயிருந்தால் அரைப் பக்கத்தில் அழுகை சலித்திருக்கும். மேயரின் நடையைக் குறை சொல்லும் யாரிடமும் நான் இந்த நான்கு பக்கத்தைக் காட்டுவேன்.

எட்வர்ட் செய்வது காதலா, கண்காணிப்பா?

என் அக்கா கேட்டது இது, மகள் கேட்கவில்லை.

அவன் பெல்லாவுக்குத் தெரியாமல் அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். எக்லிப்ஸில் அவள் ஜேக்கப்பைப் பார்க்கப் போகக்கூடாது என்று அவள் டிரக்கின் இன்ஜினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றி வைக்கிறான். நிஜத்தில் ஒருவன் இதைச் செய்தால் வீட்டில் சொல்லி, தேவைப்பட்டால் போலீஸுக்கும் போக வேண்டும். இதில் மழுப்ப ஒன்றும் இல்லை. ஜேக்கப்பும் யோக்கியன் இல்லை. விருப்பமில்லாத பெண்ணைப் பிடித்து முத்தமிடுகிறான். அவள் அவன் முகத்தில் குத்த, அடிபட்டது அவள் கைதான்.

2009-ல் எங்களுக்கு இதெல்லாம் கண்ணில் படவே இல்லை. 'எவ்வளவு அக்கறை' என்று பெருமூச்சு விட்டோம். இப்போது திரும்பப் படிக்கும்போது, முன்னால் சொன்ன விஷயம்தான் எனக்கு உதவியது: கதையைச் சொல்பவள் பெல்லா. அவளுக்கு 17, 18 வயசு, காதலில் தலைகுப்புற விழுந்திருக்கிறாள். அவன் கதவைத் திறந்தாலும் அழகு, இன்ஜினைக் கழற்றினாலும் அதற்கு அவளிடம் ஒரு சமாதானம் இருக்கிறது. நாமும் அதை நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே, பக்கத்து வீட்டு அக்கா மாதிரி 'ஏண்டி இவளே' என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டு படித்தால் புத்தகம் இன்னும் சுவாரசியம்.

ஆசிரியர் அப்படித்தான் படிக்க வேண்டும் என்று நினைத்தாரா? நினைக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் எட்வர்டை உண்மையிலேயே ரசிக்கிறார்.

ஓநாயாக மாறும் க்விலியூட் மக்கள் (ஜேக்கப்பின் இனம்) கற்பனையா?

மக்கள் நிஜம், ஓநாய்ப் படை கற்பனை. க்விலியூட் பழங்குடியினர் ஃபோர்க்ஸுக்கு மேற்கே கடற்கரையில், லா புஷ் என்ற ஊரில் வாழ்கிறார்கள். உருமாற்றும் ஆற்றல் படைத்த ஒருவர் ஓநாய்களை மனிதர்களாக மாற்றினார், அப்படிப் பிறந்தவர்களே தாங்கள் என்பது அவர்களுடைய தோற்றக் கதை. அதை மேயர் தலைகீழாக்கி, மனிதனை ஓநாயாக்கி, காட்டேரிகளோடு பரம்பரைப் பகையையும் சேர்த்துவிட்டார். அந்தப் பகை அவர்கள் மரபில் இல்லை. கேட்காமல் எடுத்துக்கொண்டார் என்ற வருத்தம் அந்தச் சமூகத்தில் உண்டு. சியாட்டிலில் உள்ள பர்க் அருங்காட்சியகம் நாவல் சொல்வது எது, உண்மை எது என்று தனியாக விளக்கவே செய்தது.

அவர்களுடைய நிஜக் கதை நாவலில் இல்லாதது. சுமார் ஒரு சதுர மைல் நிலம், கடலை ஒட்டி, சுனாமி வந்தால் முதலில் போகும் இடம். பள்ளிக்கூடத்தையும் வீடுகளையும் மேட்டுக்கு நகர்த்த நிலம் கேட்டுப் பல காலம் போராடி, 2012-ல் தேசியப் பூங்கா நிலத்தில் ஒரு பகுதியைத் தரும் சட்டம் நிறைவேறியது. இன்னொன்று, மொழிப் பித்து உள்ளவர்களுக்காக: க்விலியூட் மொழியில் மூக்கொலிகளே கிடையாது. ம் இல்லை, ன் இல்லை. ங, ஞ, ண, ந, ம, ன என்று ஆறு வைத்திருக்கும் நமக்கு அது கற்பனைக்கே எட்டாது.

என் மகளுக்கு 12 வயசு. கொடுக்கலாமா?

முதல் மூன்றையும் 13, 14-ல் தாராளமாகக் கொடுக்கலாம். முத்தத்தைத் தாண்டி எதுவும் இல்லை. மேயர் மார்மன் என்ற, கட்டுப்பாடு மிகுந்த கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், எட்வர்டும் கல்யாணத்துக்கு முன்னால் கூடாது என்று பிடிவாதமாக நிற்பவன். நம் ஊர்ப் பெற்றோர் எதிர்பார்ப்பதைவிடக் கட்டுப்பெட்டி. பிரேக்கிங் டானில் கல்யாணம், தேனிலவு, ரத்தக்களறியான ஒரு பிரசவம் வருகின்றன, அதற்கு ஒன்றிரண்டு வருஷம் பொறுக்கலாம்.

நான் கவனிக்கச் சொல்வது நியூ மூனை. காதலன் போனதும் ஆபத்தான காரியம் செய்தால் அவன் குரல் காதில் கேட்கிறது என்று பெல்லா மோட்டார் பைக் ஓட்டுகிறாள், பாறையிலிருந்து கடலில் குதிக்கிறாள். அவள் செத்துவிட்டாள் என்று நினைத்து எட்வர்டும் சாகத் துணிகிறான். குழந்தை மனசு ஏற்கெனவே சரியில்லாமல் இருந்தால் அந்தப் புத்தகத்தைத் தனியாகப் படிக்க விடாமல் கூடவே நீங்களும் படியுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே இந்தத் தொடரின் ரசிகர் எழுதிய கதையாகத்தான் தொடங்கியது. 'ட்விலைட் மாதிரியே இருக்குமாம்' என்று கேட்டு வந்தால், அது முழுக்கப் பெரியவர்களுக்கான புத்தகம்.

மிட்நைட் சன் வர ஏன் அவ்வளவு வருஷம்?

2008-ல் 12 அத்தியாயம் எழுதிய நிலையில் யாரோ பிரதியை இணையத்தில் கசியவிட்டார்கள். மேயர் மனம் வெறுத்து, இருந்ததைத் தன் வலைத்தளத்திலேயே போட்டுவிட்டு வேலையை நிறுத்தினார். முழுப் புத்தகம் வந்தது 2020 ஆகஸ்டில். ஊரடங்கில் அடைந்து கிடந்த எங்கள் பழைய ஹாஸ்டல் கூட்டம் வாட்ஸ்அப்பில் மறுபடி கூடியதும் அப்போதுதான்.

பிரேக்கிங் டானை ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்? (முடிவு தெரியக்கூடாதவர்கள் தாண்டிப் போங்கள்)

இரண்டு காரணம். ஒன்று, ஜேக்கப் பெல்லாவின் பிறந்த குழந்தையைப் பார்த்ததும், இவளே என் ஆயுசுக்கும் துணை என்று விதி அவனைக் கட்டிப்போடுகிறது. இப்போதைக்கு அண்ணன் மாதிரி, பாதுகாவலன் மாதிரி என்று புத்தகம் எவ்வளவு சொன்னாலும் தொண்டையில் இறங்காது. எனக்கும் இறங்கவில்லை.

இரண்டு, நூற்றுக்கணக்கான பக்கம் படை திரட்டிவிட்டு, கடைசியில் சண்டையே நடக்காது. பனியில் எதிரெதிரே நின்று பேசுகிறார்கள், கலைந்து போகிறார்கள். படமெடுத்தவர்களே தாங்காமல், வரப்போவதைக் காணும் ஆலிஸின் (எட்வர்டின் சகோதரி) பார்வையில் ஒரு பெரிய போரை நடத்திக்காட்டிவிட்டுக் கடைசியில் 'நடக்கவில்லை' என்றார்கள். இந்த ஒரு இடத்தில் படம் புத்தகத்தைத் தாண்டியது என்பேன். ஆனால் நடுப்பகுதியை ஜேக்கப் சொல்கிறான், அது தொடரிலேயே சிரிப்பு அதிகமுள்ள பகுதி. அதற்காகவாவது படிக்கலாம்.

நீங்கள் எட்வர்ட் கட்சியா, ஜேக்கப் கட்சியா?

அப்போது எட்வர்ட். அக்கா மகள் ஜேக்கப்பில் தொடங்கி, பிரேக்கிங் டான் பாதியில் கட்சியைக் கலைத்துவிட்டாள்.

இப்போது நான் சார்லி கட்சி. பெல்லாவின் அப்பா, ஊர் போலீஸ் தலைமை அதிகாரி, மீன் பிடிப்பார், பேசத் தெரியாது. முதல் புத்தகத்தில் ஒரு காலை, ரோடெல்லாம் உறைபனி. வழுக்காமல் எப்படி வந்தோம் என்று யோசித்துக்கொண்டே பெல்லா பள்ளிக்கூட வாசலில் இறங்கி டயரைப் பார்க்கிறாள். விடிவதற்கு முன்னால் எழுந்து அப்பா டயர்களுக்குச் சங்கிலி மாட்டியிருக்கிறார், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்குத் தொண்டை அடைக்கிறது. அடுத்த நொடி ஒரு வேன் வழுக்கிக்கொண்டு அவளை நோக்கி வருகிறது, எட்வர்ட் குறுக்கே பாய்ந்து வெறும் கையால் நிறுத்துகிறான். யாரைக் கேட்டாலும் அந்த வேனைத்தான் சொல்வார்கள். இந்த முறை படித்தபோது நான் சங்கிலியிலேயே நின்றுவிட்டு, வேன் வந்ததைத் திரும்பப் போய்ப் படிக்க வேண்டியிருந்தது.